மூன்று வினாடி பொறுத்தால் பேசும் பிள்ளை

செகந்திராபாத்தில் லாலாகூடா, மௌலாலி, மல்காஜ்கிரி பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் முடிந்த மாலை வேளையில், ஒரே மாதிரியான பேச்சு நடப்பதுண்டு.

"ஏங்க, டீச்சர் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? உன் பிள்ளை வகுப்பிலே வாயைத் திறக்கிறதே இல்லையாம். கேள்வி கேட்டா முழிக்கிறானாம். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினா மட்டும் பக்கத்துப் பையனோட சேஷ்டையாம்."

"வீட்டிலே ஒரு நிமிஷம் இவனுக்கு வாய் ஓயறதில்லையே!"

அந்தத் தாய் கடைசியாகச் சொன்ன வார்த்தை யோசிக்கத்தக்கது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை வகுப்பில் ஊமையாவது ஏன்? ஆசிரியர் பார்க்கும்போது மௌனம், பார்க்காதபோது சேஷ்டை என்று இரண்டு வேஷம் போடுவது ஏன்? பெரும்பாலும் பழி பிள்ளையின் தலையில் விழுகிறது. "மந்தம்" அல்லது "முரடு" என்ற பட்டம் கிடைக்கிறது. பாடம் நடத்தப்படும் விதத்துக்கும் பிள்ளையின் நடத்தைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கல்வி ஆராய்ச்சியாளர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படக் கூடியது. ஹைதராபாத் நகரத்துக்கும் அந்தப் பதிலில் பங்கு உண்டு.

ஒரு வினாடிக் கணக்கு

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970-களில் வகுப்பறைப் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கணக்கிட்டார். சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். அல்லது வேறு பிள்ளையைக் கேட்கிறார். அல்லது தாமே பதிலைச் சொல்லி விடுகிறார். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. சுமார் என்று நினைத்த பிள்ளைகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. யாருக்கு நேரம் அதிகம் தேவையோ, அவருக்குத்தான் நேரம் குறைவு.

பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, மூன்று வினாடியாவது பொறுத்திருக்கச் செய்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ண ஆகும் நேரம்தான் அது. பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. தாமாகவே பதில் சொல்ல முன்வந்தவர்கள் பெருகினர். "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருந்த சிலரும் வாய் திறந்தனர். வகுப்பில் அதட்ட வேண்டிய சந்தர்ப்பங்கள்கூடக் குறைந்தன என்று ரோ பதிவு செய்திருக்கிறார். விறுவிறுவென்று கேள்வி மேல் கேள்வி தொடுக்கும் வகுப்பில்தான் பிள்ளைகள் சீக்கிரம் நிலைகொள்ளாமல் போகிறார்கள் என்பது அவர் கண்டது.

டெட்ராய்ட் நகரின் வேன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் கூனின் என்ற பேராசிரியர் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். ஒரு நாள் அவருடைய வகுப்பில் கடைசி வரிசை மாணவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக் கொண்டிருந்தார். கூனின் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவர் ஒருவர்தான், ஆனால் அமைதியானது வகுப்பு முழுவதும். கண்டிப்பு இப்படி அலைபோலப் பரவுகிறதே, எவ்விதக் கண்டிப்பு நல்ல பலன் தரும் என்று அறிய அவர் பல வகுப்புகளைப் படம் பிடித்து ஒப்பிட்டார்.

முடிவு அவரே எதிர்பாராதது. தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் தொடர்பே தெரியவில்லை. கடுமையாகக் கண்டித்தவர் வகுப்பும், மென்மையாகக் கண்டித்தவர் வகுப்பும் அதனால் வேறுபடவில்லை. தவறு நடக்கும் முன்பே ஆசிரியர் என்ன செய்து கொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அறிந்திருத்தல், பாடத்தை இடையில் அறுந்து போகாமல் கொண்டு செல்லுதல், ஒருவரைக் கேட்கும்போதே மற்றவர்களையும் விழிப்போடு வைத்திருத்தல், கைக்கு வேலை கொடுத்தல் ஆகியவையே நல்ல வகுப்பின் அடையாளங்கள் என்று 1970-ல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார்.

ஹைதராபாத்திலிருந்து கிளம்பிய திட்டம்

அமெரிக்க வகுப்பறைக்கு அது சரி, அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் நம் ஊர்ப் பள்ளிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அந்தச் சோதனையும் இங்கே நடந்திருக்கிறது.

1980-களில், ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு, பிரிட்டிஷ் அரசின் உதவியோடு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தது. முதலில் 11 மாவட்டங்களில் 328 பள்ளிகளில் முன்னோட்டமாகப் பார்த்தார்கள். பிறகு 1989 முதல் மாநிலத்தின் 23 மாவட்டங்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். வகுப்பறைகள் கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. பாடம் நடத்தும் முறைக்கே ஆறு கொள்கைகள் வகுத்து, லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க முற்பட்டார்கள்.

அந்த ஆறு கொள்கைகள் எளியவை. பிள்ளைகளுக்கான செயல்களை ஆசிரியரே உருவாக்குவது. செய்தும் கண்டுபிடித்தும் கற்க விடுவது. தனியாகவும் குழுவாகவும் முழு வகுப்பாகவும் மாற்றி மாற்றி வேலை தருவது. பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டை ஏற்பது. ஊரில் கிடைக்கும் பொருள்களைப் பாடத்துக்குப் பயன்படுத்துவது. பிள்ளைகள் செய்ததைச் சுவரில் மாட்டி வகுப்பறையைக் கவர்ச்சியாக்குவது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அவ்வப்போது கூடித் தங்கள் அனுபவத்தைப் பேச ஆசிரியர் மையங்களும் அமைக்கப்பட்டன.

புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கணக்குக்கு வந்தன. வாய்ப்பாட்டை ஒரே குரலில் கத்திய பிள்ளைகள் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைக்கத் தொடங்கினர். சத்தம் இருந்தது, அது வேலை நடக்கும் சத்தம். ஆனால் எல்லா இடத்திலும் இந்த வெற்றி கிட்டவில்லை. பிள்ளைகள் நிரம்பி வழிந்த பள்ளிகளிலும், பயிற்சி அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த இடங்களிலும், சுவரில் படம் மாட்டுவதும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பதும் வெறும் சடங்காகி, பாடம் பழைய ஒப்பிப்பாகவே தொடர்ந்தது. வட்டமாக உட்கார்ந்தவர்கள் தமக்குள் பேச அனுமதி இல்லையென்றால் வட்டத்தால் என்ன பயன்?

அதே மாநிலத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவாலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகளைக் கொண்டு ஒரு முறை உருவானது. அது தமிழ்நாட்டுக்கும் சென்றது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அதிலிருந்து வந்ததே. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அம்மை போட்டு ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். "ஏன் வரவில்லை?" என்று வாசலில் நிற்க வைக்கும் தேவையே இல்லாமல் போனது. பின்னாளில் அம்முறை பல மாறுதல்களை அடைந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான வகுப்புகளில் அதட்டல் குரல் தணிந்ததற்கு அது காரணம்.

ஆடு மேய்த்தவர்கள் படித்த கதை

முறை மாறினால் பிள்ளை மாறும் என்பதற்கு ஹைதராபாத்துக்கு மிக அருகிலேயே அத்தாட்சி உண்டு. எம். வெங்கடரங்கய்யா அறக்கட்டளை செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில், வேலைக்குப் போய்க் கொண்டிருந்த சிறுவர் சிறுமியரைப் பள்ளிக்கு அனுப்பும் பணியில் இறங்கியது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியராக இருந்த சாந்தா சின்கா இதற்குத் தலைமை வகித்தார். 2003-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆடு மேய்த்த பத்து வயதுச் சிறுவனை ஒன்றாம் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் என்ன ஆகும்? அவமானம் தாங்காமல் மூன்றாம் நாள் ஓடிப் போவான். ஊரும் "இவனுக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டும். அறக்கட்டளை அப்படிச் செய்யவில்லை. இணைப்பு முகாம்கள் என்ற தங்கிப் படிக்கும் முகாம்களை நடத்தியது. பாட்டு, கதை, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றோடு அங்கே நாள் தொடங்கியது. சந்தைக் கணக்கும் காடு கழனி அறிவும் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்தன; எழுத்து அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. முகாமிலிருந்து அவரவர் வயதுக்கு ஏற்ற வகுப்பில் போய்ச் சேர்ந்தார்கள். படிப்பு வராது என்று ஊர் தீர்ப்பளித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இவ்வாறு படித்தார்கள்.

பள்ளிக்கே வராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் இடம் பெற்றது.

பிரம்பு போன பின்

2007-ல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் அமைந்தபோது, அதன் முதல் தலைவரானவர் அதே சாந்தா சின்காதான். 2009-10 கல்வியாண்டில் அந்த ஆணையம் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் பள்ளித் தண்டனை பற்றி விசாரித்தது. எந்தத் தண்டனையும் அடைந்ததில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? ஒன்பது பேர். பிரம்படி பட்டவர்கள் நூற்றுக்கு 75 பேர். "உனக்குப் படிப்பு வராது" என்ற சொல்லைக் கேட்டவர்கள் நூற்றுக்கு 81 பேர். பிரம்பைவிடச் சொல்லடி பட்டவர்களே அதிகம்!

சட்டம் இல்லாமலில்லை. ஆந்திரப் பிரதேச அரசு 2002-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. தமிழ்நாடு 2003-ல் தன் விதிகளைத் திருத்தியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, 2010 ஏப்ரல் 1 முதல், உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடுக்கிறது. ஆனால் பிரம்பைப் பிடுங்கிக் கொண்டு அதற்குப் பதிலாக வேறொன்றும் கையில் கொடுக்காவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? வெயிலில் நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது, வகுப்பின் முன் கேலி செய்வது என்று தண்டனை வேறு உருவம் எடுக்கிறது.

பயத்தால் வரும் அமைதி குறைவானதா? வெளியிலிருந்து பார்த்தால் நிறைவாகத்தான் தெரியும். ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் அங்கே பிள்ளையின் மனம் பாடத்தில் இருப்பதில்லை. ஆசிரியரின் கையில் இருக்கிறது. அந்தக் கை வகுப்பை விட்டு வெளியேறிய மறு நிமிஷம் அமைதியும் வெளியேறி விடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் கேட்கும் "திரும்பினால் சேஷ்டை" என்ற புகாரின் அடிவேர் இதுதான்.

ஆசிரியர் பக்கத்து நியாயம்

ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமன்று. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதைப்போல் இரு மடங்கு பிள்ளைகளை வைத்துக் கொண்டு, தேர்வுக்கு முன் பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தால், யாரும் மூன்று வினாடி காத்திருக்க மாட்டார்கள்.

இதைப் பற்றியும் ஆந்திரப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு 2005 முதல் நடந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் அதை நடத்தினர். சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, பிள்ளைகள் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற விவர அறிக்கை மட்டும் கொடுக்கப்பட்டது. யாராவது வந்து பார்த்தபோது அவர்கள் சுறுசுறுப்பாகப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை. வேறு சில பள்ளிகளில், பிள்ளைகள் முன்னேறினால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்று அறிவிக்கப்பட்டது. அங்கே ஆசிரியர்கள் கூடுதல் வகுப்பு வைத்தார்கள், வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகளைக் கவனித்தார்கள், பிள்ளைகளும் முன்னேறினர்.

மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் பளிச்சிடும் ஆசிரியருக்கும், ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் கைகட்டி உட்காரும் பிள்ளைக்கும் அதிக வேற்றுமை இல்லை. கண்காணிப்பு நடிப்பைத் தருகிறது. செய்வதற்குக் காரணமும் ஊக்கமும் இருந்தால்தான் வேலை நடக்கிறது.

தமிழ்ப் பிள்ளையின் கூடுதல் சுமை

ஹைதராபாத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இவை எல்லாவற்றோடும் மொழிச் சுமையும் உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் தெலுங்கும் தக்கனி உருதுவும். பள்ளியில் ஆங்கிலம். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானாப் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். தேர்ந்தால் நான்கு மொழி வல்லவராகலாம் என்பது உண்மையே. ஆனால் முதல் சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்கிறார். பிள்ளை அதைத் தமிழில் புரிந்து கொள்கிறது. தமிழில் விடை தேடுகிறது. விடையை ஆங்கிலத்தில் மாற்ற வார்த்தை தேடுகிறது. அதற்குள் ஒரு வினாடி முடிந்து விடுகிறது. அடுத்த பெஞ்சுப் பையன் பதில் சொல்லி விடுகிறான். நாலு முறை இப்படி ஆனால், ஐந்தாம் முறை பிள்ளை விடை தேடுவதையே நிறுத்தி விடுகிறது. பிறகு பொழுது போக வேண்டாமா? பக்கத்துப் பையனின் பென்சில் கண்ணில் படுகிறது.

தாய்மொழியில் பிள்ளை மலரும் என்ற எண்ணம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. இந்திய மொழி ஒன்றில் உயர்கல்வி முடியுமா என்று நாடே சந்தேகப்பட்ட 1918-ல், உருதுவைப் போதனா மொழியாகக் கொண்டு உஸ்மானியா பல்கலைக்கழகம் இங்கே தோன்றியது. தமிழர்களுக்கும் இந்நகரின் கல்வியில் பழைய பங்கு உண்டு. 1893-ல் சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய செகந்திராபாத் மஹபூப் கல்லூரியை 1862-ல் தொடங்கி வைத்தவர் சோமசுந்தரம் முதலியார். பிழைக்க வந்த ஊரில் முதல் தேவை பள்ளிக்கூடம் என்று கருதிய சமூகம் இது. ரயில்வே பணிமனையிலும் ஆபீஸ்களிலும் உழைக்கும் இன்றைய பெற்றோரும் சம்பளத்தில் பெரும்பங்கைப் பள்ளிக் கட்டணமாகத்தான் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்குப் பிள்ளை வாங்கி வருவது மௌனமாக இருக்கக் கூடாது.

பெற்றோர் செய்யக் கூடியது

பெற்றோர் கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்பது இரண்டே கேள்விகள்: "எத்தனை மார்க்? எத்தனையாவது ராங்க்?" வேறு சிலவற்றையும் கேட்கலாம். பிள்ளை வகுப்பில் எப்போதாவது கேள்வி கேட்கிறதா? எந்தப் பாடத்தில் கை தூக்குகிறது? யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது? வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருக்கும் என்பதைப் பணிவாக, தயங்காமல் தெரிவிக்கலாம். மொழி தெரியாததை மந்தம் என்று எடுத்துக் கொண்ட ஆசிரியர்களில் பலர், விஷயம் தெரிந்தால் திருத்திக் கொள்ளக் கூடியவர்களே. "இரண்டு அடி போட்டுத் திருத்துங்கள், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம்" என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். சட்டம் தடுத்ததைச் செய்யப் பெற்றோரே அனுமதி வழங்கலாகாது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் "இன்று என்ன எழுதிப் போட்டார்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று என்ன கேட்டாய்?" என்று தமிழிலேயே கேட்கலாம். ஆங்கிலத்தில் படித்த பாடத்தைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டச் சொல்லலாம். தமிழில் விளக்க முடிந்தால் பாடம் புரிந்து விட்டது என்று பொருள். முடியாவிட்டால் எங்கே தடுக்கிறது என்று தெரிந்து விடும். இதற்குச் செலவு இல்லை, டியூஷனும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வாய்ப்பாடு கேட்கும் தகப்பனார்கள் பலர் உண்டு. "ஏழெட்டு எவ்வளவுடா?" என்று கேட்ட கையோடு தலையில் ஒரு குட்டு விழும். விடை பிள்ளையின் தொண்டை வரை வந்திருக்கும். குட்டு அதை உள்ளே தள்ளி விடும். வகுப்பறையில் ஒரு வினாடி மட்டுமே காத்திருக்கும் ஆசிரியர் மேல் குறை சொல்லும் முன்பு, அந்தத் தகப்பனார் இன்று ராத்திரி கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கலாம். நாலு எண்ணும் முன்பே "ஐம்பத்தாறுப்பா!" என்று பதில் வந்தாலும் வரும்.